பின்பலகையின் அகலம்

எழுபதுகளில் தில்லியில் எனக்கு யமுனையை அளக்கும் அலுவலகத்தில் வேலை. ஆற்றை அளப்பது ஒரு வேலையா என்று சிரித்தவர்கள் உண்டு. என் மாமனாரே சிரித்தார். ஆனால் அது நிஜமான வேலைதான். தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு சிறிய மரப்படகு, பழைய இரும்புப் பாலத்துக்குச் சற்று மேலே, ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போகும். குறித்துவைத்த இடங்களில் நின்று ஆழத்தையும் நீரின் வேகத்தையும் எழுதிக்கொண்டு வரும். மழைக்காலத்தில் ஒரே நாளில் மூன்று தடவைகூடப் போக வேண்டியிருக்கும். அந்த எண்களை வைத்துத்தான் தாழ்வான கரையில் குடிசை போட்டிருந்தவர்களை மேட்டுக்குப் போகச் சொல்லி ஆள் அனுப்புவார்கள்.

படகில் போவது நான் அல்ல. நான் இளநிலைப் பொறியாளர், என் ராஜ்ஜியம் மேசை. லோதி ரோடு குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்தால், சாப்பாட்டு வேளை தவிர எழுந்திருக்க மாட்டேன். கணக்கில் நான் புலி என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு.

படகை ஓட்டியவர் ஆற்றங்கரைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்த ஒரு படகோட்டி. நாற்பது வயது இருக்கும். மேலும் கீழும் தலையை ஆட்டுவதே அவருடைய பாதிப் பேச்சு. மீதிப் பாதி இந்தி. அவரையும் துடுப்புக்கு ஒருவரையும் சேர்த்துப் படகில் நான்கு பேர் போவார்கள். நான் சொல்லப்போகும் வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில், வெள்ளம் ஏறிய ஒரு நாள், ஆறு குதிரைசக்தி கொண்ட பழைய மோட்டாரால் நீரை எதிர்த்து நிற்க முடியவில்லை. நான்கு பேரோடும் படகு பின்னோக்கியே நழுவிப் பாலத்தூணுக்குப் பக்கத்தில் போய்விட்டது. எப்படியோ கயிறு வீசிப் பிழைத்தார்கள். அன்றிலிருந்து அலுவலகம் முழுக்க ஒரே பேச்சு: பெரிய மோட்டார் வேண்டும்.

ஏப்ரலில் ஒரு நாள் படகோட்டி என் அறை வாசலில் வந்து நின்றார். தோளில் கிடந்த துண்டை என் மேசைமேல் விரித்தார். அதில் ஒரு கைப்பிடி ஈரப்பொடி. பழுப்பாக, பிரெட் தூள் மாதிரி இருந்தது.

"இது என்ன?" என்றேன்.

"மோட்டார் மாட்டியிருக்கிற பலகை, சாப்," என்றார்.

படகின் பின்பக்கத்தை மூடும் பலகையில்தான் மோட்டாரைக் கவ்வவைத்து போல்ட் போட்டிருப்பார்கள். போல்ட் போட்ட ஓட்டைகளை யாரும் அடைக்கவில்லை. வருஷக்கணக்காகத் தண்ணீர் உள்ளே இறங்கி மரம் உளுத்துவிட்டது. மேலே பெயின்ட் மட்டும் பளபளவென்று இருந்தது, எங்கள் அலுவலகக் கட்டடம் போலவே. பலகையோடு மோட்டாரும் ஆற்றுக்குள் போய்விடுமோ என்று அவரே அதை ஒரு கயிற்றால் உட்காரும் கட்டையோடு கட்டிவைத்திருந்தார். எத்தனை நாளாக என்று கேட்டேன். "தீபாவளியிலிருந்து," என்றார்.

எங்கள் அதிகாரியிடம் போனேன். அவரும் தமிழர்தான், வேலூர்ப் பக்கம். நல்ல மனிதர், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். யாருக்கும் கெடுதல் வராத மாதிரி காகிதம் எழுதுவதில் மன்னன்.

"பலகைய மாத்திடுங்க. அப்படியே மோட்டாரையும் மாத்திடலாம். வேற ஒரு டிவிஷன்ல இருபத்தஞ்சு எச்.பி. ஒண்ணு பெட்டியே பிரிக்காம கெடக்குதாம். நம்ம படகுக்குப் பொருந்தும்னு நீங்க ஒரு நோட் போட்டாப் போதும், லாரியில ஏத்தி அனுப்பிடுவாங்க. ஜல்தி பண்ணுங்க, ஜூன் வந்துடும்," என்றார்.

மோட்டார் கம்பெனியின் கையேடு ஒன்று அலமாரியில் கிடந்தது. எந்தப் படகுக்கு எவ்வளவு பெரிய மோட்டார் போடலாம் என்பதற்கு அதில் ஒரு வழி சொல்லியிருந்தார்கள். படகின் நீளத்தைப் பின்பலகையின் அகலத்தால் பெருக்க வேண்டும். வரும் எண்ணை வைத்து, படகின் அடி தட்டையா வளைவா என்று பார்த்து, குதிரைசக்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு மேல் போட்டால் ஆபத்து என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. எனக்கு இது பல் குத்துகிற வேலை. ஸ்டாக் ரிஜிஸ்டரை எடுத்தேன். படகு: நீளம் பதினான்கு அடி, அகலம் ஐந்தரை அடி. பெருக்கினால் எழுபத்தேழு. தட்டையான அடி, கையால் திருப்பும் மோட்டார், இதற்கெல்லாம் கழித்த பிறகும் இருபத்தைந்து வந்தது. என்ன பொருத்தம் பாருங்கள்! "இருபத்தைந்து குதிரைசக்தி மோட்டார் இப்படகுக்கு ஏற்றது" என்று எழுதி, கீழே கணக்கையும் காட்டி, தேதியோடு கையெழுத்துப் போட்டேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. பதவி உயர்வுப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்த சமயம். என் சுறுசுறுப்பை அதிகாரி கவனித்ததையும் நான் கவனித்தேன்.

மே முதல் வாரம் மோட்டார் பெட்டி வந்து இறங்கியது. நான்கு பேர் தூக்கிக் கரையோரப் படகுக் கொட்டகைக்குள் வைத்தார்கள். படகோட்டி பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து, அதில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்தார். "டீக் ஹை, சாப்," சரிதான் என்று இந்தியில் சொன்னார். நானும் தலையாட்டினேன்.

பலகைக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை. அலுவலகத் தச்சர் நாற்காலி வைத்தியர். படகைப் பார்த்துவிட்டு, தன்னால் ஆகாது என்று காதைத் தொட்டுக்கொண்டு போய்விட்டார். கட்டட வேலைக்குக் கான்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் தமிழ்த் தச்சர் ஒருவர் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அலமாரி செய்ய வந்திருந்தது ஞாபகம் வந்தது. ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர். தில்லிக்கு வருவதற்கு முன் படகுப் பட்டறையில் இருந்தவர். என் வயதுதான். அவர் இருந்த ஜுக்கிக் குடிசைகளில் தேடிப்பிடித்துக் கேட்டேன். "வள்ளம் செஞ்சவனுக்கு இது என்ன சார் பெரிய வேல," என்று மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அவருக்குத் தேவையான சாமான்களை நானே முன்கூட்டி வரவழைத்திருந்தேன். தண்ணீருக்கு ஈடுகொடுக்கும் பிளைவுட், பசை, பித்தளை ஸ்க்ரூ, கோல்தார். எல்லாம் கணக்குப்படி. அவர் முதலில் சுத்தியலால் பழைய பலகையைத் தட்டிக்கொண்டே போனார். நல்ல மரம் கணீரென்றது, உளுத்தது தொப்பென்றது. ஸ்க்ரூடிரைவரைக் குத்தினார், கைப்பிடி வரை உள்ளே போனது. மூலைகளில் பலகையைத் தாங்கும் வளைவுக் கட்டைகளைச் சேதமில்லாமல் கழற்றினார். பலகையைப் பெயர்த்து, புதியதற்கு அளவு எடுக்க அதை பிளைவுட்மேல் படுக்கவைத்தார். வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், இம்புட்டு அகலத்துக்கு வாங்கியிருக்கீக? ரெண்டடி சும்மா கெடக்கே!"

"ஐந்தரை அடி. ரிஜிஸ்டர்ல அப்படித்தான இருக்கு."

"அது நடுப்படகுல சார். பின்னாடி குறுகி வருதுல்ல? கண்ணால பாத்தாலே தெரியுதே. இது மூணரை அடி. அம்புட்டுத்தேன்."

அவர் கேலி செய்யவில்லை. மிச்சப் பலகையைக் கொண்டு இரண்டாவது அடுக்குக்கு ஒட்டுப்போடலாம் என்று சந்தோஷமாகவே சொன்னார். நான் மனசுக்குள் ரிஜிஸ்டரைத் திரும்பப் புரட்டினேன். ரிஜிஸ்டரில் அகலத்துக்கு ஒரே ஒரு கட்டம்தான் உண்டு. அதில் எந்த மனிதனும் இருப்பதிலேயே பெரிய அகலத்தைத்தானே எழுதுவான்? பதினான்கைப் பெருக்க வேண்டியது மூன்றரையால். நாற்பத்தொன்பது. கையேடு என் மேசையில் இருந்தாலும் அந்த அட்டவணை எனக்கு மனப்பாடம். தட்டையடிப் படகுக்கு நாற்பத்தொன்பது என்றால் பத்து குதிரைசக்தி. அதற்கு மேல் கூடாது.

படகு என் நாற்காலியிலிருந்து சைக்கிளில் பத்து நிமிஷம். ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளக்க எனக்குத் தோன்றவே இல்லை. காகிதத்தில் இருந்தது, எடுத்தேன். ஆற்றையே அளக்கிற அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு படகை அளக்காமல் விட்டவன் நான். இப்போதும் நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மனசு சால்ஜாப்பு தேடியது. கம்பெனிக்காரன் பயந்து எழுதியிருப்பான், நிஜத்தில் இன்னும் தாங்கும் என்று நினைத்தேன். தச்சரிடம், "மூணு அடுக்காப் போட முடியுமா?" என்று கேட்டேன்.

"தாராளமாப் போடலாம். பலகை அசையாது. மத்தத நீங்கதேன் பாத்துக்கிடணும்," என்றார்.

பசை வெயிலில் சீக்கிரம் இறுகிவிடும் என்று அவர் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கினார். நானும் ஐந்தரைக்கே போய் நிற்க ஆரம்பித்தேன். என்னவோ நான் நின்றால் அகலம் கூடிவிடும் என்பது போல. மூன்று பலகைகளையும் பசை தடவி அடுக்கி, கட்டட வேலைக்கு வைத்திருந்த இரும்புக் கவ்விகளைப் போட்டு இறுக்கினார். கவ்வி போதாத இடத்தில் செங்கல்லை ஏற்றினார். மறுநாள் ஓரங்களை இழைத்து, பிளைவுட்டின் விளிம்பு தண்ணீர் குடிக்கும் என்று மூன்று தடவை பசை பூசினார். படகின் அடிப்பலகையோடு சேரும் இடத்தில் தார் தோய்த்த பருத்தி நூலை உளியால் திணித்தார். போல்ட்டுக்கு ஓட்டை போட்ட ஒவ்வொரு இடத்திலும் குச்சியில் துணி சுற்றிக் கோல்தாரை உள்ளே தடவினார். வளைவுக் கட்டைகளைத் திரும்பப் பொருத்தி, பலகை மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார். படகு ஆடியது, பலகை ஆடவில்லை. அவ்வளவு நல்ல வேலையை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை. அதை அந்த மோட்டாருக்காகச் செய்யவைத்தவன் நான்.

படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, மோட்டாரை மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்யலாம் என்றேன். படகோட்டியைப் பின்னால் அவருடைய இடத்தில் உட்காரச் சொன்னேன். பத்து குதிரைசக்தி மோட்டாரின் எடைக்கு மணலை மூட்டை கட்டி, பின்பலகையை ஒட்டி வைத்தோம். பலகையின் மேல்விளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. பிறகு பெட்டியில் கிடந்த மோட்டாரின் எடைக்கு மூட்டைகளைக் கூட்டினோம். கையை வைத்துப் பார்த்தேன். நான்கு விரல்.

ஆறு அன்று குளம் மாதிரி கிடந்தது. அசையாத தண்ணீரில் நான்கு விரல். இதில் மோட்டாரை முடுக்கினால் பின்பக்கம் இன்னும் அமுங்கும். சட்டென்று வேகத்தைக் குறைத்தால் படகு கிளப்பிய அலையே பின்னால் வந்து உள்ளே ஏறும். வெள்ளத்தில், நட்டாற்றில், நான்கு பேரோடு.

படகோட்டி அந்த நான்கு விரலைத் தானும் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். மூட்டைகளை இறக்க எழுந்தார்.

நான் நேராக அதிகாரியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அளவு தப்புன்னு எழுதினா உங்களுக்கு மெமோ வரும். லிஸ்ட் போற நேரம். எதுக்குய்யா? 'மறுபரிசீலனை செய்ததில் சிறிய மோட்டாரே உசிதம் எனப்படுகிறது'ன்னு போடுங்க. யார் தலையும் உருளாது."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அப்படியே எழுதினேன். வழவழவென்று, எங்கேயும் பிடிபடாத வாக்கியம். அது மேலே போனது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ஓரத்தில் மேலதிகாரி கையெழுத்தில், முந்தைய கணக்கு தெளிவாக இருக்கிறது, மறுபரிசீலனைக்குக் காரணம் ஏதும் காட்டவில்லை, மழைக்காலம் நெருங்குவதால் உடனே மாட்டவும் என்று இருந்தது. அவர்மேல் என்ன தப்பு? கணக்குத் தெளிவாகத்தான் இருந்தது. நான் எழுதியதாயிற்றே.

"மேலேயே சொல்லிட்டாங்க. திங்கட்கிழமை மாட்டிடுங்க," என்றார் எங்கள் அதிகாரி. குரலில் தெம்பில்லை. "வேணும்னா மெதுவா ஓட்டச் சொல்லுவோம்."

மெதுவாக ஓட்டுவதற்கா பெரிய மோட்டார்? வெள்ளத்தை எதிர்த்து முழு வேகத்தில் போவதற்குத்தானே வரவழைத்தோம்! இரண்டு நாள் வீட்டில் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். என் மனைவி, "ஆபீஸ்ல யாரோட சண்ட?" என்று கேட்டாள். யாரோடும் இல்லை என்றேன், உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு எழுந்தபோது அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த நாலு பேர்ல நீங்க உண்டா?"

திங்கட்கிழமை காலை, மோட்டாரை மாட்ட ஆட்கள் கொட்டகைக்குப் போவதற்கு முன், ஃபைலை எடுத்துப் புதுப் பக்கத்தில் எழுதினேன். "நான் படகை அளக்கவில்லை. ரிஜிஸ்டரில் இருந்த நடு அகலத்தைப் பின்பலகையின் அகலமாக எடுத்துக்கொண்டேன். தவறு என்னுடையது. இப்போது அளந்தேன்: மூன்றரை அடி. இந்தப் படகுக்குப் பத்து குதிரைசக்திக்கு மேல் மாட்டினால் பின்பக்கம் தண்ணீர் ஏறி மூழ்கும்." கையெழுத்துப் போட்டேன். அலுவலகத்தில் அதுவரை யாரும் "நான்" என்று தொடங்கி நோட் எழுதியதில்லை என்று நினைக்கிறேன். அதிகாரி இரண்டு தடவை படித்தார். "மூழ்கும்ங்கற வார்த்தையாவது எடுத்துடலாமே," என்றார். முடியாது என்றேன். அவர் பேனாவை எடுத்து, கீழே தானும் கையெழுத்திட்டார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

அந்த ஒரு வார்த்தைக்கு மேலிடத்தில் எல்லோரும் அலறிக்கொண்டு எழுந்தார்கள். பெரிய மோட்டார், அகலமான இரும்புப் படகு வைத்திருந்த ஒரு டிவிஷனுக்குப் போனது. அங்கிருந்த பத்து குதிரைசக்தி மோட்டார் எங்களுக்கு வந்தது. மூன்றடுக்குப் பலகை தேவைக்கு மேல் தடிமனாக இருந்தது. மோட்டாரின் கவ்வி நுழைவதற்காகத் தச்சர் திரும்பி வந்து, மேல்விளிம்பைச் சலித்துக்கொண்டே இழைத்துக்கொடுத்தார். எனக்கு மெமோ வந்தது. பட்டியல் என் பெயர் இல்லாமல் வந்தது. அடுத்த பட்டியலுக்கு மூன்று வருஷம் ஆயிற்று. வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

மழை தொடங்குவதற்கு முன், புது மோட்டாரை ஓட்டிப் பார்க்கும் அன்று நானும் கரைக்குப் போனேன். துடுப்பு இடத்தில் ஓர் இளவட்டம் உட்கார்ந்திருந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். நான் பார்த்திராத முகம். துடுப்புக்கு யார் என்பது எங்கள் பதிவேட்டில் இருக்காது. 'ஒருவர்' என்று மட்டும்தான் இருக்கும். புது ஆளா என்று படகோட்டியிடம் கேட்டேன்.

"என் தம்பி, சாப். ஆறு வருஷமா என்கூடத்தான் வர்றான். நேத்துதான் ஊர்லேருந்து கூப்பிட்டுக்கிட்டேன்."

"ஊருக்கு ஏன் போனான்?"

அவர் போல்ட்டை இறுக்கிக்கொண்டே இந்தியில் சொன்னார். "அந்தப் பெரிய பெட்டி வந்த அன்னிக்கு நான்தான் அனுப்பிவெச்சேன். ஒரே வீட்டு ஆம்பளைங்க ரெண்டு பேரும் அந்தப் படகுல வேணாம்னு."

அன்று பெட்டியைச் சுற்றி அவர் நடந்த நடையை நினைத்துக்கொண்டேன். பிறகு கேட்டேன். "தெரிந்தும் ஏன் சொல்லவில்லை?"

"உங்க கையெழுத்து இருந்ததே, சாப். எங்கிட்ட யாரும் கேக்கலையே."

"அப்படியென்றால் நீயும் போயிருக்கலாமே!"

"யாராவது ஓட்டணுமில்ல?" என்றார். என் கேள்விதான் அவருக்கு விளங்கவில்லை போலும்.

பெட்டி வந்து இறங்கியதிலிருந்து நான் அந்த நோட்டை எழுதியது வரை இருபத்திரண்டு நாட்கள். அத்தனை நாளும் அவர் கொட்டகைக்கு வந்தார், பலகையைப் பிடித்தார், மணல் மூட்டையைத் தூக்கினார். வீட்டுக்கு மிச்சமிருக்க வேண்டியவன் யார் என்று முடிவு செய்துவிட்டே அதையெல்லாம் செய்தார். அதே இருபத்திரண்டு நாளும் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது என் பதவி உயர்வுக்காக.